கூரையேறிய சூரியத் தகடு

லத்தீஃபா அழவில்லை. அழுதிருந்தால் துப்பறிவாளர் கியாசுதீனுக்கு வசதியாக இருந்திருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் எரிந்துபோன கடைகளின் வாசலில் நின்று பழகியவர் அவர். அழுகிறவர்களிடம் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியும். இந்தப் பெண்ணோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அழுகிற வேலையைத் துணைக்கு வந்த பெரியம்மா சம்சாத் பேகம் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். லத்தீஃபாவின் அத்தா நைனா முகம்மது மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் ரூமை விட்டுவிட்டு மணலில் படுக்கவே ஆசைப்படுகிறார்கள் என்று கண்டுகொண்டார். ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அலமாரி, ஸ்டவ், சின்ன ஃபேன், இரண்டு விளக்கு எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கினார். கடலோரத்தில் நிற்கிற வண்டிக்குக் கரண்டு யார் கொடுப்பது? சூரியன் கொடுக்கும் என்றான் அப்துல் மாலிக். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். லத்தீஃபாவுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை.

வடக்கேயிருந்து இரண்டு சூரியத் தகடுகளை வரவழைத்து, வேன் கூரையில் பொருத்தி, விளக்கை எரியவிட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு மாமனாருக்குக் காட்டினான். 1979ஆம் வருஷத்தில் வெறும் வெயிலில் ஃபேன் சுற்றுவதென்றால் லேசான காரியமில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் வேனுக்கு அடியில் குனிந்து ஒயரைத் தேடினார்.

ஆயுத பூஜை முடிந்து வண்டி மாமல்லபுரம் போனது. போன இடத்தில் விளக்கு மங்கியது, ஃபேன் நின்றது, தகட்டோடு கோத்திருந்த பேட்டரி செத்தது. நைனா முகம்மது பதறிப்போய், சூரியத் தகடு விற்கும் பக்தவத்சலம் என்ற ஏஜெண்டை மெட்ராசிலிருந்து வரவழைத்தார். அவர் கூரையில் ஏறி, மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு தகடும் போலி, கண்ணாடிக்கு அடியில் வெறும் நீலக் காகிதம்தான் என்றார். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்து உங்களுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறான், நல்ல தகட்டை எங்கோ விற்றுவிட்டான் என்றும் சொன்னார்.

நைனா முகம்மது நேராகச் செங்கல்பட்டு வந்து, மாலிக்கின் ஷெட் வாசலில் நின்று, திருடன் என்றார். அவருக்குத் தொண்டை பெரிது. பஸ் ஸ்டாண்டில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்றவர்கள்கூடக் கேட்டார்கள்.

"நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் அத்தா ஜமாத்துல சொல்லி நிக்காஹ நிறுத்திடப் போறாரு," என்றாள் லத்தீஃபா. "போலீஸ்லயும் குடுக்கப் போறாரு. மாப்ள எடுக்கல பாய்."

எப்படித் தெரியும் என்று கேட்டார் கியாசுதீன்.

"ஒரு ஸ்குரூ மிஞ்சிப்போச்சுன்னா அன்னிக்கு அவருக்குச் சோறு எறங்காது. அவரு எடுப்பாரா?"

சாட்சியம் என்று இதைக் கோர்ட்டில் ஏற்கமாட்டார்கள். கியாசுதீன் ஏற்றுக்கொண்டார். அவருடைய உதவியாளர் கண்ணகி டைப்ரைட்டர் மேல் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டைப் அடிக்க வேலைக்கு வந்தவள். அடிக்க ஒன்றும் வராததால் துப்பறிய ஆரம்பித்தவள்.

"மாப்ள தப்புப் பண்லன்னா தகடு பண்ணியிருக்கணும். இல்லாங்காட்டி சூரியன் பண்ணியிருக்கணும்," என்றாள். "சூரியனைப் புடிச்சி உள்ளாற போட நம்ம கைல லைசென்ஸ் கெடையாது பாய். மொதல்ல மாப்ளைய பாத்துட்டு வந்துடலாம்."

*

லாரிக்கு பாடி கட்டும் கோதண்டராமனின் காம்பவுண்டுக்குள் ஒரு மூலையில் இருந்தது மாலிக்கின் ஷெட். அவன் ஒரு டைனமோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தவர்களுக்கு சலாம் சொன்னான், ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், மறுபடியும் டைனமோவிடம் போய்விட்டான். திருட்டுப் பட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் காது கேட்காதவன் போல இருந்தான்.

கியாசுதீன் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, இந்தத் தகட்டை ஏன் வாங்கினாய் என்று கேட்டார். பூட்டுக்குச் சரியான சாவி அதுதான். பையன் வாயைத் திறந்தான்.

முதலில் ஷெட்டுக்கு வந்தவரே பக்தவத்சலம்தானாம். அவர் காட்டியது வெளிநாட்டுத் தகடு. ஒரே பெரிய தகடு, இரும்பு ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற ரோட்டில் புளியமரங்கள் கிளையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கின்றன. பாதி வழி போவதற்குள் ஸ்டாண்டு ஒரு கிளையிலும் தகடு ஒரு கிளையிலும் தங்கிவிடும். அதனால்தான் கூரையோடு கூரையாகப் படுத்துக்கிடக்கிற இரண்டு சின்னத் தகடுகளை மாலிக் தேர்ந்தெடுத்தான். ஏஜெண்டுக்கு மனக்கசப்பு. அதை வெளியே காட்டாமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொருத்துவதிலும் மாலிக் அவசரப்படவில்லை. கூரைத் தகரத்தின் மேல் அப்படியே வைக்காமல், மரச்சட்டம் கொடுத்துத் தூக்கி, அடியில் காற்று ஓட வழி விட்டான்.

"அதுக்கு வெளிச்சம்தான் வோணும் பாய். சூடு ஆவாது. சூடேறுச்சுன்னா வேலை செய்யாம சோம்பிப் பூடும்."

"எங்க அத்தையும் அப்டித்தான்," என்றாள் கண்ணகி. "வெயில்லதான் உக்காருவாங்க. விசிறியும் வோணும்பாங்க."

கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கியாசுதீன் கேட்டார். சின்ன அப்பளம் அளவுக்கு நீல வட்டங்கள் இருக்கின்றன என்றான் மாலிக். ஒன்றோடு ஒன்று கோத்து வரிசையாக வைத்திருப்பார்கள், கல்யாண வீட்டில் தொங்கவிடுகிற சீரியல் செட் மாதிரி. வெயிலைப் பார்த்த நிமிஷம் கரண்டு கொடுக்க ஆரம்பித்துவிடும். அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது. ஆகவே ஒயரை முடுக்குவதற்கு முன்னால் தகட்டை எதையாவது போட்டு மூடவேண்டும். மூடாமல் தொட்டால் ஒயரும் ஒயரும் உரசிப் பொறி பறக்கும். தான் வீட்டு ஜமக்காளத்தைப் போர்த்திவிட்டுத்தான் வேலை செய்ததாகச் சொன்னான்.

கடைசியாக அந்தத் தகட்டை எப்போது பார்த்தான்? பூஜைக்கு முந்தின நாள். அன்று சாயங்காலமே அம்மாவைக் கோவளம் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வருவதற்குள் டிரைவர் செல்வராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் நைனா முகம்மது அவனை வண்டியின் பக்கமே வரவிடவில்லை.

ஆக, பூஜை அன்று வேன் இந்தக் காம்பவுண்டில் அநாதையாக நின்றிருக்கிறது. கண்ணகிக்கு மூக்கில் வியர்த்தது. நேராகப் போய்க் கோதண்டராமனைப் பிடித்தாள். அவர் நெற்றியில் ஒற்றை நாமமும் கையில் ரம்பமுமாக நின்றிருந்தார். தன் இடத்தில் திருட்டா என்று கேட்டதும் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"எங் காம்பவுண்டுல ஒரு நட்டு காணாப் போனது கெடையாதும்மா. வாச்மேன் கெடையாது, நாய் கெடையாது. எல்லாம் நான்தான்."

"ரெண்டு வேலையும் நீங்களேவா அண்ணாத்த?" என்றாள் கண்ணகி.

கோதண்டராமன் கோபித்துக்கொள்ளவில்லை. பூஜையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. வருஷா வருஷம் காம்பவுண்டில் நிற்கிற எல்லாவற்றுக்கும் அவர் கையாலேயே பொட்டு வைப்பார். லாரி, கடைசல் மிஷின், சுத்தியல், உடைந்த தராசு, எதையும் விடமாட்டார். பாய் வண்டி, நம் வண்டி என்று பிரித்துப் பார்க்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

"மத்த வண்டிக்கு ஸ்டீரிங்ல ஒரு பொட்டோட சரி. அதுக்கு மட்டும் ஏணி போட்டு மேல ஏறினேன் சார். பையன் மாசக்கணக்கா உசிரக் குடுத்துப் பண்ண வேலை. அது மேல திருஷ்டி படக்கூடாதில்ல?"

கியாசுதீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பொட்டு எத்தனை விரலால் வைத்தீர்கள்?

"வெரலா? அதுல அழகா வட்டம் வட்டமா இருந்துச்சு. நடு வட்டத்துக்கு உள்ளங்கையால சந்தனத்த வழிச்சு ரொப்பிட்டேன். குங்குமத்துக்கு மட்டும்தான் வெரலு."

கியாசுதீன் நன்றி சொல்லிவிட்டு, மாமல்லபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

*

பஸ்ஸில் கூட்டம். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் கழுகு பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கமும், கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கமும் நெருக்க, கண்ணகி கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் சந்தேகத்தை அடுக்கினாள். அவளுக்கு டிரைவர் செல்வராஜ் மேல்தான் சந்தேகம். காலையில் செங்கல்பட்டில் கிளம்பிய வண்டி சாயங்காலம்தான் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்ததாம். மாட்டுவண்டிகூட அதற்கு முன்னால் போய்விடும். கியாசுதீன் உம் கொட்டியபடி பொட்டுக்கடலை தின்றுகொண்டு வந்தார். புளியங்கிளைகள் பஸ்ஸின் கூரையை வரிசையாகத் தடவிக்கொண்டு போயின. மாலிக் சொன்னதில் தப்பில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது உச்சி வெயில். கல் தச்சர்களின் உளிச் சத்தத்தைத் தாண்டி லாட்ஜுக்குப் பின்பக்கம் போனார்கள். கடலைப் பார்த்தபடி வேன் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஜீப். முந்தின பஸ்ஸில் வந்துவிட்ட லத்தீஃபா மாடி ஜன்னலில் நின்றிருந்தாள்.

கண்ணகி செல்வராஜைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் முதலில் டயர் பஞ்சர் என்றான். எந்த டயர் என்றதும் முழித்தான். பிறகு உண்மை வந்தது. வழியில் கழுகு பார்க்கப் போகிற சாமியார்களையும் பெண்டுபிள்ளைகளையும் வேனில் ஏற்றியிருக்கிறான். படுக்கையில் ஒரு வரிசை, அலமாரிப் பக்கம் ஒரு வரிசை. மலையடிவாரத்தில் இறங்கியவர்கள் கழுகைப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருந்து, ஃபேனும் விளக்கும் போட்டு ராஜ மரியாதையோடு அவரவர் ஊரில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். பேட்டரியைக் குடித்தவர்கள் அவர்கள்தான்.

"மொதலாளி கிட்ட சொல்லிடாதம்மா," என்றான். "தகட்ட நான் தொடல. சத்தியமா அந்தச் சந்தனத்தக்கூட நான் தொடல. பூஜ போட்ட சந்தனம், தானா உதுரணும். நாம தொடச்சா வண்டிக்கு ஆவாது."

கியாசுதீன் இதற்குள் நைனா முகம்மதுவிடம் பேசிக்கொண்டிருந்தார். கனமான மனிதர், கனமான குரல். கூரையில் சந்தனம் அப்பியிருப்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கோதண்டராமன் அன்பாக வைத்தது, ஒரு முஸ்லிம் அதைத் துடைத்துப்போட்டால் நன்றாகவா இருக்கும், நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். அதனால் கூரைக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

இந்த ஜில்லாவில் மனுஷர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதையால் ஒருவன் ஜெயிலுக்குப் போகவிருந்தான்.

கியாசுதீன் ஏணியில் ஏறிப் பார்த்தார். கீழே இறங்கி, கண்ணகியை ஏறச் சொன்னார். மரச்சட்டத்தின் மேல் இரண்டு தகடுகள். கண்ணாடிக்குள் நீல வட்டங்கள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு தகட்டிலும் நடுவில் ஒரு வட்டம் மட்டும் விளிம்புவரை சந்தனம் பூசி, மத்தியில் குங்குமம் வைத்து, காய்ந்து, கெட்டியாகி, லட்சணமாக இருந்தது. கண்ணகி இறங்கி வந்தபோது முகத்தில் இருந்த குறும்பு போயிருந்தது.

"பாய், சீரியல் செட்டு," என்றாள் மெதுவாக. "ஒரு பல்பு அவுட்டானா மொத்தமும் அவுட்டு. அந்த ஒரு வட்டத்துக்கு வெளிச்சம் போவல. அதான் எதுவும் வேலை செய்யல. தகடு நல்ல தகடு. தொடச்சுட்டா முடிஞ்சுது."

"முடியாது," என்றார் கியாசுதீன். "அந்த ஏஜெண்டும்தான மேல ஏறிப் பார்த்தாரு. இதுகூடத் தெரியாத ஆளுன்னா அவர் முட்டாள். தெரிஞ்சும் போலின்னு சொல்லியிருந்தா திருடன். இப்பவே துடைச்சுட்டா, அடடே கவனிக்கலையேன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. முட்டாளா திருடனான்னு தெரியணும்."

"மூஞ்ச பாத்தா ரெண்டுமே கீது," என்றாள் கண்ணகி, லாட்ஜ் வாசலைக் கண்ணால் காட்டி.

பக்தவத்சலம் லாட்ஜுக்குள்ளிருந்து வந்தார். வெள்ளைப் பேண்ட், தங்க ஃபிரேம் கண்ணாடி, பேச்சில் வெண்ணெய். ஒரு வெளிநாட்டுத் தம்பதி மறுநாள் வேனை எடுக்க வருவதால், இன்றைக்கே தன்னுடைய பெரிய தகட்டை மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். போலித் தகடுகளைத் தானே இறக்கி, உடைத்த கண்ணாடி விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. நைனா முகம்மதுவுக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றியது.

கியாசுதீன் கைகூப்பினார். தானும் பார்த்துவிட்டதாகவும், தன்னுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டதாகவும், தகடுகளைத் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

நைனா முகம்மது, நான்தான் அப்போதே சொன்னேனே என்று தலையாட்டினார். சந்தோஷம் இல்லை அந்தத் தலையாட்டலில். மகளுக்கு அவரே பார்த்த மாப்பிள்ளை. மாடியில் லத்தீஃபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கூலி கொடுத்துக் கூட்டிவந்த ஆள் எதிராளிக்கு ஏணி பிடிக்கிறானே என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கியாசுதீன் உண்மையிலேயே ஏணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்தவத்சலம் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டார். ஜீப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கூடவே ஒரு கோணிச் சாக்கையும் எடுத்தார். வாளித் தண்ணீரில் சாக்கை முக்கிப் பிழிந்து, மேலே ஏறி, முதல் தகட்டின் மேல் விரித்தார். நாலு மூலையையும் இழுத்துவிட்டு, ஒரு பக்கம்கூட வெயில் தெரியாமல் அடியில் சொருகினார். பிறகுதான் குனிந்து, சட்டத்துக்குக் கீழே கையை விட்டு, ஒயரின் ஸ்குரூவைத் தளர்த்தினார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் கியாசுதீன் கீழேயிருந்து. "சாக்கு எதுக்கு?"

"வெயில் சார். கண்ணாடி கொதிக்குது, கை சுட்டுடும்."

"நீங்க கண்ணாடியத் தொடவே இல்லையே. ஸ்குரூ அடியில நிழல்ல இல்ல இருக்கு?"

கியாசுதீன் நைனா முகம்மது பக்கம் திரும்பி, மதிய சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நல்ல தகடு வெயிலில் இருக்கும்போது கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தொழில் தெரிந்தவன் முதலில் மூடிவிட்டுத்தான் ஒயரைத் தொடுவான். உங்கள் மாலிக்கும் அப்படித்தான் மூடினான். ஆனால் இவர் சொன்ன கணக்குப்படி கூரையில் இருப்பது போலி. கண்ணாடிக்கு அடியில் ஒட்டிய காகிதத்தில் பொறி பறக்காது.

"செத்த பாம்பப் புடிக்க மகுடி எதுக்குங்க?" என்றாள் கண்ணகி.

"பழக்கதோஷம்," என்றார் பக்தவத்சலம். சிரிக்கவும் செய்தார். "கை தானா செய்யுது சார்."

"இருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டார் கியாசுதீன். "கண்ணகி, மேல போய் அந்தச் சந்தனத்த எடுத்துடும்மா."

கண்ணகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். அப்போதுதான் பக்தவத்சலம் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். பூஜை போட்டது, அதைத் தொடாதே, நாசமாய்ப் போய்விடும் என்று கத்தினார். கை இரண்டையும் விரித்துத் தகட்டுக்கு முன்னால் நின்றார்.

நைனா முகம்மது மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு வியாபாரம் தெரியும். உடைத்த கண்ணாடி விலைக்குப் போகிற சாமானுக்கு யாரும் குறுக்கே நின்று கை விரிக்க மாட்டார்கள்.

"எறங்கு," என்றார். ஒரு வார்த்தைதான்.

பக்தவத்சலம் இறங்கி ஜீப்புக்குப் போனார். ஜீப்பில் சாவி இல்லை. அது செல்வராஜின் சட்டைப் பையில் இருந்தது. வழியில் ஏற்றிய கூட்டத்துக்குப் பிராயச்சித்தமாக ஏதாவது நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

மேலே கண்ணகி சாக்கை விலக்கிவிட்டு, அதன் ஈர முனையைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினாள். வாய்க்கு வாய் பேசுகிறவளுக்கும் பயம் இருக்காதா? கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். பிறகு காய்ந்த சந்தனத்தை நனைத்து, வழித்து எடுத்து, வீசாமல், தகட்டைத் தாங்குகிற மரச்சட்டத்தின் மேல் அப்பி, குங்குமத்தை அதன் நடுவில் வைத்தாள். அடுத்த தகட்டுக்கும் அப்படியே. இப்போது பொட்டும் வண்டியில் இருந்தது, வெயிலும் தகட்டில் விழுந்தது. கோதண்டராமன் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

கியாசுதீன் தகட்டு ஒயரைச் செத்த பேட்டரியிலிருந்து பிரித்து நேராக ஃபேனில் கொடுக்கச் சொன்னார். தகடுகளை மூடிவிட்டுச் செல்வராஜ் கொடுத்தான். மூடியதை எடுத்ததும் ஃபேன் ஒரு தடவை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. நைனா முகம்மது வேனுக்குள் தலையை விட்டு அதன் முன்னால் நின்றார். காற்றில் அவருடைய தாடி ஆடியது. வெகு நேரம் அவர் தலையை வெளியே எடுக்கவில்லை.

*

பக்தவத்சலத்தை உள்ளூர் ஏட்டையாவிடம் ஒப்படைத்தார்கள். அங்கே அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கூரையில் ஏறிய முதல் பார்வையிலேயே சந்தனத்தையும் அதன் பலனையும் கண்டுகொண்டாராம். மாலிக்கின் தகடுகளைச் சும்மா அள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் விற்கலாம், தன் தகட்டையும் இங்கே தள்ளிவிடலாம், தன்னை வேண்டாம் என்ற பையனும் ஒழிவான். ஒரே சந்தனத்தில் மூன்று காரியம்.

கியாசுதீனும் கண்ணகியும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நைனா முகம்மது விடவில்லை. வேனிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லித் தானே முன்னால் ஏறிக்கொண்டார். லத்தீஃபாவும் சம்சாத் பேகமும் பின்னால் படுக்கையில் உட்கார்ந்தார்கள். லத்தீஃபா அத்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு வரை அவர் நாலைந்து தடவை தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. திருடன் என்ற வார்த்தை அன்றைக்கு எத்தனை சுலபமாக வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

காம்பவுண்டில் வேன் நுழைந்ததும் மாலிக் ஷெட்டிலிருந்து வெளியே வந்தான். கோதண்டராமனும் ஆட்களும் கூடினார்கள். நைனா முகம்மது இறங்கி அவன் முன்னால் போய் நின்றார். எல்லாரும் அந்தக் குரலை எதிர்பார்த்தார்கள். வந்தது வேறு குரல்.

"தகடு நல்லாத்தான் கீது மாலிக்கு," என்றார், காலைப் பார்த்துக்கொண்டு. "நான் சொன்னது தப்பு. நீ எடுக்கல."

மாலிக் ஏணியைச் சாத்தி மேலே ஏறினான். தன் சட்டையைக் கழற்றித் தகட்டின் மேல் போட்டுவிட்டு, ஏஜெண்ட் தளர்த்திவிட்டுப் போன ஸ்குரூவை முடுக்கினான். சட்டத்தின் மேல் இருந்த சந்தனத்தைப் பார்த்தான். அதைத் தொடவில்லை. இறங்கி வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மாமனாரைப் பார்த்தான். ஷெட்டுக்குப் பின்னால், ஒரு சுவர் தள்ளி, அவனுடைய வீடு. அதன் கதவு சாத்தியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாமா," என்றான். "அன்னிக்கு நீங்க சொன்னதுலேருந்து எங்கம்மா வூட்ட வுட்டு வெளிய வரல. தண்ணி புடிக்கக்கூட வரல."

கண்ணகிக்கு ஒரு வேடிக்கை வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். அவள் அதை விழுங்கிவிட்டாள்.

நைனா முகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சுவரைப் பார்த்து நின்றார்.

"சுல்தான் பீவிம்மா," என்று கூப்பிட்டார். "ஒம்மவன் எதையும் எடுக்கல. நான் சொன்னது பொய்யி. தப்பு எம் மேல."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தான். கோதண்டராமன் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கதவு திறக்கவில்லை.

வேனுக்குள்ளிருந்து லத்தீஃபாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அதில் இருந்தது.

"இன்னொரு தபா சொல்லுங்கத்தா."

நைனா முகம்மது மூச்சை இழுத்து, முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது.